எய்தவனை விட்டுட்டு அம்பைத் திட்டுறோம்

நீண்ட பதிவு. கிரிக்கெட் பற்றியது. நடுவுல கொஞ்சம் மருத்துவமும், கொஞ்சம் நம்ம ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கத்துப் பொழப்பும் வரும். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க மக்களே.

2025 நவம்பர் 15. சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகமும் ராஜஸ்தான் ராயல்ஸ் நிர்வாகமும் வீரர்களை மாத்திக்கிட்டாங்க. சஞ்சு சாம்சன் 18 கோடிக்கு சென்னை வந்தார். பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் போனாங்க. 18 கோடி வாங்கிட்டிருந்த ஜடேஜாவுக்கு அங்க 14 கோடி. கரனுக்கு 2.4 கோடி.

12 சீசன் மஞ்சள் சட்டை போட்டவர். 2018, 2021, 2023 மூணு கோப்பையிலும் இருந்தவர். 2023 இறுதிப்போட்டியில கடைசி 2 பந்துல 10 ரன் வேணும்னு இருந்தப்போ ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடிச்சவர். அவரை அனுப்பிட்டாங்கன்னு கோபம் வந்தா அது நியாயம்தான். நானும் சின்ன வயசுலேர்ந்து சேப்பாக்கம் பைத்தியம். அந்தச் செய்தியைப் பார்த்து எனக்கும் மனசு சங்கடப்பட்டது.

ஓபியில டோக்கன் வெச்சுக்கிட்டு நிக்கிறவங்க, கட்டு மாத்த வந்த தம்பி, ஷிஃப்ட் முடிஞ்சு பிபி பார்க்க வந்தவர் வரைக்கும் ஒரு மாசமா இதே பேச்சுதான். கோபம் இருக்கட்டும். அந்தக் கோபம் யார் மேல போய் விழுதுன்னு பாருங்க. இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

முதல்ல ஜடேஜா மேல விழுந்தது. "காசுக்காகப் போயிட்டான்." (தொகை 4 கோடி குறைஞ்சிருக்கு. அதையாவது பார்த்துட்டுத் திட்டலாம்.) அடுத்து சஞ்சு சாம்சன் மேல. "இவன் எதுக்கு வந்தான்?" இப்போ டிசம்பர் 16 ஏலத்துக்கு அப்புறம் ரெண்டு சின்னப் பசங்க மேல விழ ஆரம்பிச்சிருக்கு. பிரசாந்த் வீர், வயசு 20. கார்த்திக் சர்மா, வயசு 19. ஆளுக்கு 14.20 கோடி. இந்தியாவுக்கு ஆடாத வீரர்கள்ல ஐபிஎல் ஏலத்திலேயே இதுதான் அதிக விலை. பிரசாந்த் இடது கைச் சுழற்பந்து வீசுற ஆல்ரவுண்டர். அதனால பெயரைக் கேட்ட உடனே "ஜடேஜாவுக்குப் பதிலா இவனா?" அப்படின்னு தொடங்கியாச்சு. அந்தப் பையன் சென்னைக்காக இன்னும் ஒரு பந்துகூட வீசல.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. இங்க நாலு அம்பு இருக்கு. நாலையும் திட்டியாச்சு. எய்தவங்க ஏசி அறையில உட்கார்ந்து அடுத்த சீசனுக்குத் திட்டம் போட்டுட்டு இருக்காங்க.

*

இந்த டிரேடு எப்படி நடக்குது? சுருக்கமா சொல்றேன்.

ஐபிஎல்-ல வீரர் மாற்றம் 2009-லேயே வந்தது. அந்த வருஷம் ஜாகிர் கான் பெங்களூருலேர்ந்து மும்பைக்கும், ராபின் உத்தப்பா மும்பையிலேர்ந்து பெங்களூருக்கும் போனாங்க. ரெண்டு அணி நிர்வாகமும் பேசி முடிப்பாங்க. ஆளுக்கு ஆள் மாத்தலாம், இல்லன்னா பணம் கொடுத்து வாங்கலாம். வாரியம் ஒப்புதல் தரணும். வீரரோட சம்மதமும் வேணும்.

"சம்மதம் வேணும்ல? அப்போ அவரா ஒத்துக்கிட்டுத்தானே போனார்?" இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்டீங்க. நல்ல கேள்வி. இதுக்குப் பதில் ஜடேஜா வாழ்க்கையிலேயே இருக்கு. இன்னைக்கு அவரைத் திட்டுற பாதிப் பேருக்கு அது தெரியாது.

2008. முதல் ஐபிஎல். 19 வயசு ஜடேஜா ராஜஸ்தான் அணியில. அந்த வருஷம் அவங்கதான் சாம்பியன். 2010-ல அவருக்கு 21 வயசு. ராஜஸ்தானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம வேற அணியோட நேரடியாப் பேசினார்னு சொல்லி, அந்த சீசன் முழுக்க ஐபிஎல் ஆடக்கூடாதுன்னு தடை போட்டாங்க. ஒரு வருஷ ஆட்டம், ஒரு வருஷ வருமானம் போச்சு. 2011-ல கொச்சி அணி, 2012 ஏலத்துல சென்னை. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 21 வயசுப் பையன் தானா "நான் வேற இடம் போறேன்"னு பேசினா அது ஒழுங்கீனம், ஒரு வருஷத் தடை. அதே ஆளை 15 வருஷம் கழிச்சு நிர்வாகம் "நீ வேற இடம் போ"ன்னு பேசினா அதுக்குப் பேரு அணியோட எதிர்காலத் திட்டம். பேசுற உரிமை யார்கிட்ட இருக்குன்னு இதுலயே தெரியுது.

சம்மதக் கையெழுத்து இருக்கும். நான் மறுக்கல. "உன்னைச் சேர்க்காமலே அணி அமைக்கத் தயாரா இருக்கோம்"னு நிர்வாகம் முடிவு பண்ணின பிறகு வாங்குற கையெழுத்துக்கு எவ்வளவு எடை? இதை நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நான் விளக்கணுமா என்ன?

*

ஆமா, நம்ம பக்கத்துக்கே வருவோம்.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம். இந்த சிப்காட் வரிசையில வேலை பார்க்குற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு 20-லேர்ந்து 25 வயசுதான். விழுப்புரம், திருவண்ணாமலை, தர்மபுரியிலேர்ந்து வந்தவங்க. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்டிலேர்ந்து வந்தவங்க. பெரும்பாலும் காண்ட்ராக்ட், இல்லன்னா டிரெய்னி. கேஸ் ஷீட்ல "எங்க வேலை?"ன்னு எழுதக் கேட்டா, "சார், கம்பெனி பேரு எழுதவா, காண்ட்ராக்டர் பேரு எழுதவா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. போன மாசம் ஒரு காண்ட்ராக்டர், இந்த மாசம் வேற காண்ட்ராக்டர். அதே லைன், அதே மெஷின். ஐடி கார்டு மட்டும் மாறியிருக்கும்.

இவங்க பாதியில வேலையை விட்டா அனுபவச் சான்றிதழ் வாங்குறதே பெரும்பாடு. இவங்களை நிறுத்தணும்னா வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போதும்.

நோக்கியா ஞாபகம் இருக்கா? 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கினது. உலகம் முழுக்க ஆலைகள் கைமாறின. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வரித் தகராறால அந்த விற்பனையில சேரல. 2014 நவம்பர் 1-ல உற்பத்தி நின்னது. ஆயிரக்கணக்கான பேர் விருப்ப ஓய்வு வாங்கிட்டுப் போனாங்க. அதுக்கும் பேரு "விருப்ப" ஓய்வுதான், கவனிச்சீங்களா? அதுலயும் கையெழுத்து இருந்தது.

ஒரகடம் கார் ஆலையில நிஸானுக்கு இருந்த 51 சதவீதப் பங்கை 2025-ல ரெனால்ட் வாங்கிடுச்சு. வியாபாரத்துல இது சகஜம், குறை சொல்ல வரல. இந்த மாதிரி முடிவெல்லாம் எவ்வளவு தூரத்துல, எந்த மேசையில எடுக்கப்படும்னு நம்ம ஊர் ஆளுக்கு உடம்பால தெரியும். அதைத்தான் சொல்றேன்.

"டாக்டர், 14 கோடி வாங்குறவனும் 14 ஆயிரம் வாங்குறவனும் ஒண்ணா?"

இல்லை. சத்தியமா இல்லை. ஜடேஜாவுக்காக யாரும் உண்டியல் குலுக்க வேணாம். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. லைன் மாத்திட்டாங்கன்னா புதுசா அந்த இடத்துல வந்து நிக்கிற பையனை நீங்க அடிக்கப் போக மாட்டீங்க. அவனும் அனுப்பப்பட்டவன்தான்னு உங்களுக்குத் தெரியும். கம்பெனி கேட்டுல இருக்குற அந்த நிதானம் கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் எங்க போகுது?

*

மத்த ஊர் ரசிகர்கள் என்ன பண்ணாங்க?

கனடாவுல பனி ஹாக்கின்னா உயிர். 1988 ஆகஸ்ட் 9. எட்மண்டன் அணியோட வெய்ன் கிரெட்ஸ்கியை, 27 வயசுல, லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிட்டாங்க. ஊரே கொதிச்சது. கொடும்பாவி எரிச்சாங்க. யாரோடது? கிரெட்ஸ்கியோடது இல்ல. அணி உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனோடது. நாடாளுமன்றத்துல ஒரு உறுப்பினர் எழுந்து, அரசாங்கம் இதைத் தடுக்கணும்னு கேட்டார்.

2025 பிப்ரவரி. அமெரிக்கக் கூடைப்பந்துல டாலஸ் அணி, 25 வயசு லூகா டான்சிச்சை ராத்திரியோட ராத்திரியா லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிடுச்சு. முந்தின வருஷம்தான் அணியை இறுதிச் சுற்று வரைக்கும் கொண்டு போனவர். ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டி வெச்சு துக்கம் காத்தாங்க. மேட்சுக்கு மேட்ச் பொது மேலாளர் பெயரைச் சொல்லி, அவரை வேலையை விட்டுத் தூக்குன்னு கத்தினாங்க. ஏப்ரல்ல லூகா எதிரணிச் சட்டையில டாலஸ் வந்தப்போ மொத்த அரங்கமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. அந்தப் பையன் அழுதுட்டான். அப்புறம் 45 புள்ளி அடிச்சான். நவம்பர் 11-ல அந்த மேலாளரை நிர்வாகம் நீக்கிடுச்சு. நம்ம டிரேடு நடக்குறதுக்கு நாலே நாள் முன்னாடி.

கொடும்பாவி எரிக்கச் சொல்லலைங்க. அவங்க கோபத்துக்குச் சரியான முகவரி இருந்தது. அதைக் கவனிங்க.

நம்ம நாட்டுல நடந்ததைப் பாருங்க. 2023 நவம்பர்ல ஹர்திக் பாண்டியா குஜராத்திலேர்ந்து மும்பைக்கு வந்தார். டிசம்பர்ல ரோஹித்துக்குப் பதிலா அவரை கேப்டனாக்கினாங்க. 2024-ல அகமதாபாத்ல கூச்சல், ஹைதராபாத்ல கூச்சல். ஏப்ரல் 1, வான்கடேவுல சொந்த ஊர்க் கூட்டமே கூச்சல் போட்டது. டாஸ் போடும்போது வர்ணனையாளர் கூட்டத்தைப் பார்த்து ஒழுங்கா நடந்துக்கச் சொல்ற அளவுக்கு நிலைமை. கேப்டனை மாத்தினது யாரு? நிர்வாகம். கூச்சல் கேட்டது யாரு? வீரர்.

மூணே மாசம். ஜூன் 29, டி20 உலகக்கோப்பை இறுதிப்போட்டி. கடைசி ஓவர்ல 16 ரன்னைத் தடுத்தவர் அதே ஹர்திக். ஜூலை 4 அதே வான்கடே அதே ஆளோட பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டது. ஏப்ரல்ல திட்டினதை யாராவது திரும்ப வாங்கினாங்களா?

சேப்பாக்கமும் சுத்தம் கிடையாது. 2023-ல தோனி பேட்டிங் பார்க்கணும்னு, ஜடேஜா சீக்கிரம் அவுட் ஆகணும்னு நம்ம கூட்டம் கத்தினது. ஒரு மேட்ச் முடிஞ்சு மைக்ல அவரே சிரிச்சுக்கிட்டே அதைச் சொன்னார். தான் மேல இறங்கினா ஜனங்க தன் விக்கெட்டுக்காகக் காத்திருப்பாங்கன்னு. இன்னைக்கு "எங்க ஜட்டு"ன்னு அழுற கூட்டத்துல அன்னைக்குக் கத்தினவங்களும் இருப்பாங்க.

*

இப்போ அந்த ரெண்டு பையன்கள்.

பிரசாந்த் வீர் உத்தரப்பிரதேசம். கார்த்திக் சர்மா ராஜஸ்தான். ரெண்டு பேரும் ஏலத்துல போட்ட அடிப்படை விலை 30 லட்சம். அது மட்டும்தான் அவங்க கேட்டது. 30 லட்சம் 14.20 கோடி ஆனதுல அவங்களுக்கு எந்தப் பங்கும் இல்ல. ரெண்டு மூணு அணி பலகையைத் தூக்கிட்டே இருந்தா விலை ஏறும். கையில மிச்சப் பணம் நிறைய இருக்குற அணி விடாது. அவ்வளவுதான் ஏலம்.

ஆனா முதல் கேட்சை விட்டா நாம என்ன சொல்வோம்? "14 கோடிக்கு இதுவா?"ன்னு. அந்த எண்ணை அவன் நெத்தியில ஒட்டினது ஏலக்காரங்க. அதைச் சொல்லி அவனைக் குத்துறது நாம.

2016-ல பவன் நேகின்னு ஒருத்தர். டெல்லி 8.5 கோடிக்கு எடுத்தது. ஒரு சீசன் சரியா அமையல. அடுத்த வருஷம் பெங்களூர் 1 கோடிக்கு எடுத்தது. 8.5 கோடின்னு ஏத்தினவங்களை இன்னைக்கு யாருக்காவது ஞாபகம் இருக்கா? நேகி பெயர் மட்டும் இன்னும் கேலிப் பட்டியல்ல வருது.

*

இனி டாக்டரா கொஞ்சம் பேசுறேன்.

நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளைப் பகுதிதான் நிதானம், திட்டமிடல், "இதைப் பெருசா எடுத்துக்காத"ன்னு நமக்கு நாமே சொல்லிக்கிறது எல்லாத்துக்கும் பொறுப்பு. அது முழுசா முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயசு ஆகும். 19, 20 வயசுல உடம்பு ஆம்பளை உடம்பாத் தெரியும். உள்ள அந்தப் பகுதி இன்னும் கட்டிட வேலையிலதான் இருக்கு.

அவன் போனை எடுக்குறான். ஆயிரக்கணக்கான பேர், அவன் மொழி, அவன் நிறம், அவன் அம்மா வரைக்கும் எழுதியிருக்காங்க. அட்ரினலின், கார்டிசால் ஏறும். இதயம் படபடக்கும். தூக்கம் போகும். தூக்கம் போனா அடுத்த நாள் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யுற வேகம் குறையும். கேட்ச் நழுவும். மறுபடி திட்டு. இந்தச் சுழல் எப்படி இருக்கும்னு பரீட்சையில ஃபெயிலாகி வர்ற பிள்ளைகள்கிட்ட நான் பார்க்குறேன். "கோடிக் கணக்குல வாங்குறான்ல, தாங்கிக்கட்டும்"னு சொல்லாதீங்க. பேங்க் பேலன்ஸைப் பார்த்துட்டு அட்ரினல் சுரப்பி வேலை செய்யாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2020 அக்டோபர்ல சென்னை ஒரு மேட்ச் தோத்ததுக்கு தோனியோட 5 வயசு மகளுக்குப் பாலியல் மிரட்டல் வந்தது. போலீஸ் பிடிச்சது யாரைன்னு நினைக்கிறீங்க? குஜராத் முந்த்ராவுல 16 வயசுப் பையன். அவனோட மூளையும் வளர்ந்துட்டு இருந்த மூளைதான். பெரியவங்க ஜோக்குன்னு நினைச்சு எழுதுறதைப் பார்த்து, இப்படித்தான் எழுதணும் போலன்னு கத்துக்கிற வயசு. உங்க வீட்டுப் பையன் உங்க டைம்லைனைப் பார்க்குறான். மறந்துடாதீங்க.

பதிலா வந்தவனா இருக்குறது எப்படின்னு எனக்கும் கொஞ்சம் தெரியும். அரசு மருத்துவர்னா டிரான்ஸ்பர் உண்டு. ஊருக்குப் பழகின டாக்டர் மாறிப் போன இடத்துல நான் போய் உட்கார்ந்த முதல் மாசம், ஒரு பாட்டி தினமும் வந்து சொல்வாங்க: "நீ நல்ல புள்ளதான் ராசா, ஆனா அந்த டாக்டரு ஊசி போட்டா உடனே கேக்கும்." மருந்து அதே மருந்து, அதே ஊசி. நான் சிரிச்சுக்குவேன். ஒரு பாட்டின்னா சிரிக்கலாம். அதையே லட்சம் பேர் கெட்ட வார்த்தையோட சொன்னா?

*

கடைசியா உங்க உடம்பு. ஆமாங்க, ரசிகரோட உடம்பு.

2006-ல ஜெர்மனியில உலகக்கோப்பை கால்பந்து. மியூனிக் பகுதியில மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு மாதிரியான அவசர நோயாளிகளை மருத்துவர்கள் கணக்கெடுத்தாங்க. 2008-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வெளியாச்சு. ஜெர்மனி ஆடின நாட்கள்ல இதய அவசரங்கள் 2.66 மடங்கு. ஆண்கள்ல 3.26 மடங்கு. மேட்ச் தொடங்கி முதல் 2 மணி நேரத்துலதான் உச்சம். ஏற்கெனவே இதய நோய் இருந்தவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆட்டம் ஆடினவங்களுக்கு இல்ல, பார்த்தவங்களுக்கு!

நம்ம பக்கத்துல இதோட தூக்கக் கணக்கையும் சேர்த்துக்கோங்க. ஐபிஎல் ராத்திரி மேட்ச் 7.30-க்கு ஆரம்பிச்சு 11.30 தாண்டும். அப்புறம் ஒரு மணி நேரம் போன்ல சண்டை. காலை 6 மணி ஷிஃப்ட்டுன்னா நாலரைக்கே கம்பெனி பஸ் பிடிக்கணும். எவ்வளவு தூங்கினீங்க? மூணு மணி நேரம்? பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது வேணும். அரைத் தூக்கத்துல பிரஸ் மெஷின்ல கை வெச்சா என்ன ஆகும்னு நான் வர்ணிக்க விரும்பல. ஒரு விரல் போனா போனதுதான். உங்களுக்காக எந்த ஃபிரான்சைஸும் மாற்று வீரரை இறக்காது.

பிபி, சுகர் இருக்குறவங்க மாத்திரையை மேட்ச் பரபரப்புல விடாதீங்க. தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டத்துல ஆலைக்கே வந்து பார்க்குறாங்க, வந்தா வரிசையில நின்னு பாருங்க. நெஞ்சு அழுத்தம், வேர்வை, இடது கை வலின்னா "கேஸ்"னு சோடா குடிச்சிட்டு சூப்பர் ஓவர் பார்க்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தா இதயம் காப்போம் திட்டத்துல முதல் மாத்திரைகள் அங்கேயே இருக்கு.

*

"அப்போ ரசிகன் வாயை மூடிட்டு இருக்கணுமா?"

கூடாது. 2023-லேர்ந்து 2027 வரைக்கும் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை போன விலை 48,390 கோடி ரூபாய். அந்தப் பணம் நம்ம கண்ணு திரையில இருக்கும்ங்கிற நம்பிக்கையில வர்றது. அதனால கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை இருக்கு. அதை எப்படிக் கேக்கணும்னு என் கருத்தைச் சொல்றேன்.

1. கேள்வியை நிர்வாகத்துகிட்ட கேளுங்க. ஏன் மாத்தினீங்க, என்ன திட்டம், அடுத்து யாரு? அவங்க கணக்குல போய் எழுதுங்க. பிடிக்கலையா, ஜெர்சி வாங்காதீங்க, டிக்கெட் எடுக்காதீங்க. அவங்களுக்குப் புரியுற பாஷை அது.

2. வந்தவரை வரவேற்கலைன்னாலும் பரவாயில்ல, ஆட விடுங்க. சாம்சனும் 11 சீசன் இருந்த வீட்டை விட்டுட்டுத்தான் வந்திருக்கார். ஜெய்ப்பூர்லயும் ஒரு ரசிகன் அழுதுட்டுத்தான் இருப்பான்.

3. போனவருக்குக் கை தட்டுங்க. ஜடேஜா ராஜஸ்தான் சட்டையில சென்னைக்கு எதிரா இறங்கும்போது டாலஸ் அரங்கம் மாதிரி எழுந்து நில்லுங்க. விக்கெட் எடுத்தாலும்தான்.

4. 25 வயசுக்குக் கீழ இருக்குற வீரரைப் பற்றி எழுதும்போது, ஆட்டத்தைப் பற்றி எழுதுங்க. "அந்த லென்த் தப்பு, அந்த ஷாட் தேவையில்ல" - தாராளமா. விலையும் அம்மாவும் மாநிலமும் வேண்டாம்.

5. தோத்த ராத்திரி போனைத் தூர வெச்சுட்டுப் படுங்க. எழுத வேண்டியதைக் காலையில எழுதுங்க. காலையில பாதி எழுதவே தோணாது.

6. ஆட்டமோ, வேலையோ, கடனோ, எதனாலயாவது தூக்கமே வராம, வாழவே பிடிக்காத மாதிரி இருந்தா 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ். இலவசம், தமிழ்ல பேசுவாங்க, ராத்திரியிலும் எடுப்பாங்க.

அடுத்த சீசன்ல ஒரு நாள் பிரசாந்த் வீர் ஒரு கேட்சை விடத்தான் போறான். 20 வயசுல ஜடேஜாவும் விட்டிருப்பார். அந்த நிமிஷம் உங்க விரல் போன்ல எதைத் தட்டப் போகுதோ, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன்.

உங்க ஹாஸ்டல் குரூப்ல, கம்பெனி பஸ் குரூப்ல பகிருங்க. மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க, மரியாதையாப் பேசலாம். நாளைக்குக் காலை ஓபி இருக்கு. தூங்கப் போறேன். நீங்களும் தூங்குங்க.